பாட்டியின் முறத்தில் கல்: ‘பலன்’ என்று எதை எழுதுவது?

கயல் (விருதுநகர்)

வணக்கம். ஒரு சின்ன அறக்கட்டளையில் கண் முகாம் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்ச் சொல்லி ஆட்களைக் கூட்டுவோம். டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். கண்புரை இருப்பவர்களை அன்றைக்கே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டில் கொண்டுவந்து விடுவோம். பணம் தருகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: ‘திட்டத்தின் செயல்திறன், சதவீதத்தில்’. நடந்த ஆபரேஷனை இலக்கால் வகுத்து வரும் எண்ணைத்தான் இத்தனை வருடமாக அதில் போட்டு வருகிறேன். சில வருடம் அது நூறையும் தாண்டும்.

போன மாதம் வேறு வேலையாக ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஆறு மாதம் முன்பு நாங்கள் அழைத்துப் போன ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் அரிசி. முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு விரல் நுனியால் அரிசியைத் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். “ஆபரேஷன் பண்ணியும் தெரியலையா பாட்டி?” என்றேன். “ஆள் வர்றது தெரியுது தாயி, பஸ்சு வர்றது தெரியுது. கல்லும் அரிசியும் மட்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார். ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு அவர் போகவே இல்லையாம். மகன் திருப்பூரில் இருக்கிறார், கூட்டிப் போக ஆள் இல்லை. எங்கள் வேன் ஆபரேஷனுக்கு மட்டும்தான் போகும்.

என் பதிவேட்டில் அந்தப் பாட்டி முடிந்துபோன ஒரு வரி. நூற்றுக்கு நூறில் அவரும் ஒருவர். இந்த மாதக் கடைசிக்குள் படிவம் போக வேண்டும், அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கவே கை வரவில்லை. வெவ்வேறு துறையில் இருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் ‘பலன்’ என்று எதைச் சொல்கிறீர்கள், எப்படி அளக்கிறீர்கள்? சொல்லுங்கள்.

சமூக மருத்துவன் (செங்கல்பட்டு)

கயல், நல்ல இடத்தில் பேனாவை நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கள் துறையில் இதற்கு இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. எல்லாம் சரியாக நடந்தால் இந்த மருந்து வேலை செய்யுமா என்பது முதல் கேள்வி. ஊரில், வெயிலில், பஸ் வராத நாளில், மாத்திரையை மறந்துவிடும் மனிதர்களிடம் வேலை செய்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதை ஆய்வுத் திறன் என்றும் இரண்டாவதை நடைமுறைப் பலன் என்றும் சொல்லலாம். ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றின் பெயரில் எழுதுவதில்தான் குழப்பம் வருகிறது.

2020-இல் ஃபைசர் தடுப்பூசிக்கு 95 சதவீதம் என்று செய்தி வந்தபோது, ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்குக் கொரோனா வரும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது அப்படி இல்லை. சோதனையில் உண்மையான ஊசி ஒரு பாதிப் பேருக்கு, வெற்று ஊசி மறு பாதிப் பேருக்கு. ஒவ்வொரு பக்கமும் 18,000 பேருக்கு மேல். அந்தக் காலத்துக்குள் நோய் வந்தவர்கள் வெற்று ஊசிப் பக்கம் 162 பேர், உண்மையான ஊசிப் பக்கம் 8 பேர். 162 வந்திருக்க வேண்டிய இடத்தில் 8 மட்டுமே வந்ததால் 95. வெற்று ஊசி போட்டவர்களிலும் அப்போது நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எண் இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டுச் சொன்ன சேதி. எதனோடு ஒப்பிட்டோம், எத்தனை நாளில், யாரிடம் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளே கிடையாது.

இடம் மாறினால் எண்ணும் மாறும். அதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. காசநோய்க்கான பிசிஜி ஊசியைப் பிரிட்டனில் 1950-இல் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தெரிந்தது. அதே ஊசியை 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் சோதித்தார்கள். இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் பங்கெடுத்த மாபெரும் சோதனை அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசியால் பயன் தெரியவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிற வேறு வகைக் கிருமிகள் உடலை முன்பே பழக்கிவிடுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் போடுகிறோம்? கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயை அது தடுக்கிறது. அதற்காகத்தான். ஊசி ஒன்றே, கேள்விக்குத் தகுந்தபடி பதில் மட்டும் வேறு.

கண்புரைக்கு வருகிறேன். 2021-இல் உலக நாடுகள் உலக சுகாதார மன்றத்தில் கூடி ஒரு இலக்கை ஏற்றன. ‘பலனுள்ள கண்புரை அறுவை வீச்சு’ 2030-க்குள் 30 சதவீதப் புள்ளிகள் உயர வேண்டும் என்பது அது. ‘பலனுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்கில் கீழே வருவது ஆபரேஷன் ஆனவர்களும் தேவைப்பட்டும் ஆகாதவர்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை. மேலே வருவது ஆபரேஷன் ஆகி, பார்வையும் நன்றாக வந்தவர்கள் மட்டும். முகாமுக்கே வராமல் வீட்டில் முடங்கியவரும் இந்தக் கணக்கில் தப்ப மாட்டார். உங்கள் கட்டத்தில் போட வேண்டியது இதைப் போன்ற ஒன்று என்பது என் எண்ணம்.

வடமராட்சி ஆசிரியர் (பருத்தித்துறை)

தங்கச்சி, சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். நான் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். இலங்கையில் எங்கள் பாடங்களில் இரண்டு சொற்களைப் பிரித்துத்தான் படிப்பிப்போம்: வினைத்திறன், விளைதிறன். குறைந்த செலவில், குறைந்த நேரத்தில், வளத்தை வீணாக்காமல் செய்வது வினைத்திறன். எதற்காகச் செய்தோமோ அது கைகூடியதா என்று பார்ப்பது விளைதிறன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லுகிற உதாரணம் வெங்காயத் தோட்டம். இரண்டு லீற்றர் எண்ணெயில் ஒரு தோட்டம் முழுக்க இறைக்கிற மோட்டார் வைத்திருப்பவனுக்கு வினைத்திறன் உண்டு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உவராகிப் போயிருந்தால் இறைக்க இறைக்கப் பயிர் கருகும். அங்கே விளைதிறன் இல்லை. உங்கள் படிவத்தில் ‘செயல்திறன்’ என்று ஒரே சொல் இரண்டையும் மூடி நிற்கிறது. நீங்கள் இதுவரை எழுதி வந்தது வினையின் கணக்கு. பாட்டியின் முறத்தில் இருக்கிறது விளைவின் கணக்கு. படிவம் அனுப்புகிறவர்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கயல் (விருதுநகர்)

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. விளைதிறன் என்ற சொல்லை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இத்தனை நாள் எனக்கு வேண்டியிருந்தது இந்தச் சொல்தான் போலிருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். “போன வருடம் எழுதிய மாதிரியே எழுதுங்கள்” என்றார்கள்.

டெல்டா விவசாயி (ஒரத்தநாடு)

எங்கள் கதையும் இதுதான் அம்மா. வயலில் பலன் என்றால் மகசூல் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த மகசூலை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சோதனை அறுவடை என்று பெயர். கிராமத்தில் குலுக்கல் முறையில் சில வயல்களை எடுப்பார்கள். வயலுக்குள்ளும் இடத்தை எண் போட்டுத்தான் எடுப்பார்கள், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. நாலு மூலையில் முளை அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அந்தக் கயிற்றுக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் வந்த கிலோவை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எவ்வளவு என்று வந்துவிடும். ஈரத்தைக் கழிக்க நெல்லைக் காயவைத்து இன்னொரு எடை.

முறை தப்பில்லை. நானே கூட நின்று பார்த்திருக்கிறேன், நேர்மையாகத்தான் செய்தார்கள். பிரச்சினை எங்கே என்றால், 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் மகசூல் குறைந்ததற்கான இழப்பீட்டுக்கு என் வயலைப் பார்க்க மாட்டார்கள், கிராமத்துச் சராசரியைப் பார்ப்பார்கள். கடந்த ஏழு வருடத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருடத்தின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை வரம்பாக வைத்து, இந்த வருடக் கிராம மகசூல் அதற்குக் கீழே போனால்தான் பணம். ஒரு வருடம் வடிகால் அடைத்து என் பக்கத்து வயல்கள் மட்டும் பத்து நாள் தண்ணீரில் நின்றன. கதிர் அழுகி, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. மேட்டுப் பக்கம் நல்ல விளைச்சல். கிராமத்துச் சராசரி வரம்புக்கு மேலே நின்றதால் எனக்கு ஒரு பைசா இல்லை.

ஊருக்கான எண் சரியாகவே இருக்கலாம், என் வயலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பாட்டியும் அந்த மாதிரி அழுகின மூலையில் நிற்கிற ஆள்தான்.

இன்னொன்று. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று பெருமை பேசுகிற நாங்களே, அந்த மூட்டைக்கு எவ்வளவு உரம், எத்தனை தடவை மருந்து, அறுவடை மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சேர்த்துச் சொல்வதில்லை. மூட்டை அதிகம் வந்து கையில் காசு மிஞ்சாத வருடங்களை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா மூட்டையோடு வைக்கோலையும் கணக்கில் வைப்பார், மாடு இருந்தது. எனக்கு மாடு இல்லை, எனக்கு வைக்கோல் கணக்கும் இல்லை. ஆளுக்கு ஆள் பலன் என்பதே மாறிவிடுகிறது.

மதன் (சென்னை)

எல்லோரும் நல்ல அளவுகோலைத் தேடுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த அளவுகோலை வைத்தாலும் மனிதர்கள் அதைக் கெடுத்துவிடுவார்கள்.

நான் மென்பொருள் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், வரும் புகாரை 24 மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்று விதி வந்தது. மூடினோம். சரியாகாமல் மறுபடி கூப்பிட்டால் அது புதுப் புகார், புது எண். கணக்கில் நாங்கள் பிரமாதம். ஒரு அம்மா ஒரே பிரச்சினைக்கு ஏழு முறை கூப்பிட்டார், ஏழும் ‘நேரத்துக்குள் தீர்ந்தவை’. ஏழாவது முறை எடுத்தது நான். “தம்பி, இந்தத் தடவையாவது மூடாமல் வைத்திருங்கள்” என்றார். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

1902-இல் ஹனோய் நகரத்தில் பிரெஞ்சு அரசு எலியை ஒழிக்க, கொண்டுவரும் ஒவ்வொரு எலி வாலுக்கும் காசு கொடுத்தது. வால்கள் குவிந்தன. அப்புறம் பார்த்தால் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடுகின்றன. வாலை மட்டும் வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே வைத்திருந்தார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, ஒரு எண்ணைப் பிடித்துக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அந்த எண் தன் பொருளை இழந்துவிடும் என்று சுட்டிக்காட்டினார். எல்லாத் துறையிலும் இதுதான் நடக்கிறது. பாட்டியிடம் போய்ப் பேசினீர்களே, அது போதும். சதவீதம் எதற்கு?

சுமதி டீச்சர் (சேலம்)

மதன் சொல்வதில் பாதியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி தவறக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். கணக்கில் கீழே இருக்கிற எண்ணைச் சுருக்கினால் சதவீதம் தானாக ஏறும். அப்படிப் போன ஒரு பையனைப் பிறகு பேருந்து நிலையத்தில் டீக்கடையில் பார்த்தேன். “டீச்சர்” என்று எழுந்து நின்றான். எனக்குப் பேச வரவில்லை.

ஆனால் சதவீதம் எதற்கு என்று கேட்பதை ஏற்க மாட்டேன். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினார்கள், அது நல்லது. அதற்காக ஒரு பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட முடியுமா? ஜூன் மாதம் எழுத்துக் கூட்டி வாசித்த பெண், தை மாதம் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்தாளா? என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் இதைத்தான் குறித்து வைக்கிறேன். அடுத்த பிள்ளையோடு ஒப்பிட மாட்டேன், அவளுடைய ஜூன் மாதத்தோடு ஒப்பிடுவேன். அந்த நோட்டை யாரும் கேட்பதில்லை, யாரும் அதற்குப் பரிசும் தருவதில்லை. அதனால்தான் அதில் பொய் எழுத எனக்குக் காரணம் இல்லை.

சமூக மருத்துவன் (செங்கல்பட்டு)

டீச்சர், கடைசி வரியை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மதன், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அளக்காமல் விட்டால் யார் சாகிறார்கள் என்றே தெரியாமல் போகும். 1847-இல் வியன்னாவில் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவு. இரண்டு வார்டின் சாவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்று இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. அவருக்கு நல்ல மனசு மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

நம் சென்னையிலும் ஒரு கதை உண்டு. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான்: காற்றோட்டம், முட்டை, பால், படுக்கை. அத்தனை பேருக்கு நாட்டில் படுக்கை ஏது? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும், மற்றவர்களை மாத்திரையோடு அவர்களுடைய நெருக்கடியான வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துக் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. 1959-இல் இந்த முடிவு வந்த பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. மாத்திரை கொடுத்தோம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உண்மையிலேயே உள்ளே போனதா என்று பார்த்தார்கள். பலர் விழுங்காமல் விட்டது அப்படித்தான் தெரிந்தது. கண் முன்னால் விழுங்க வைக்கும் முறை பின்னால் உலகெங்கும் வந்ததில் சென்னை ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு.

ஆக, மதன், அளவைக் கெடுப்பது அதோடு கட்டிய பரிசும் தண்டனையும். நியூயார்க் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் இதய பைபாஸ் செய்யும் ஒவ்வொரு டாக்டரிடமும் எத்தனை சதவீத நோயாளிகள் செத்தார்கள் என்பதை ஊரறிய வெளியிட்டது. நோய் முற்றியவர்களுக்கு ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் தயங்கினார்கள் என்று பிறகு சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். டீச்சர் சொன்ன மாற்றுச் சான்றிதழ் வேலைதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

மதன் (சென்னை)

சரி, ‘சதவீதம் எதற்கு’ என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கயலின் எண்ணை வைத்துத்தான் அடுத்த வருடப் பணம் வருகிறது. பரிசு அதோடு கட்டித்தானே இருக்கிறது? குறைவான எண்ணை எழுதினால் வேனே நின்றுவிட்டால்?

மேரி அக்கா (திண்டுக்கல்)

கண் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கயல் கண்ணு, நீ சொன்னதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. பாட்டிக்குப் பஸ் தெரிகிறது, ஆள் தெரிகிறது. அவரை எழுத்துப் பலகை முன்னால் நிறுத்தினால் 6/12 வரியை, அதாவது நல்ல கண் பன்னிரண்டு மீட்டரில் வாசிப்பதை ஆறு மீட்டரில், அநேகமாக வாசித்துவிடுவார். டாக்டர் தம்பி சொன்ன அந்தப் புதுக் கணக்கிலும் அவர் வெற்றிதான். அது தூரப் பார்வையைத்தான் பார்க்கும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்குக் குறித்து வைப்பது. கிட்டத்தில் பார்க்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். கல் பொறுக்குவது கிட்டத்து வேலை. ஊசியில் நூல் கோக்கிறது, பூ கட்டுகிறது, மாத்திரை அட்டையில் பேர் பார்க்கிறது, எல்லாம் அப்படித்தான்.

நான் வார்டில் ஒன்று செய்வேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள், “கண்ணு தெரிஞ்சா முதல்ல என்ன பண்ணணும்?” என்று கேட்டு, கேஸ் ஷீட் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன். ஒருத்தர் பேப்பர் படிக்கணும் என்பார். ஒருத்தர் தறியில் இழை அறுந்தால் தெரியணும் என்பார். ஒரு அம்மா பேத்தி மூஞ்சியைப் பார்க்கணும் என்றார். மறுபரிசோதனைக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பேன். பலகையை அப்புறம் வாசிக்கச் சொல்வேன்.

கயல் (விருதுநகர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பதிவேட்டில் கடைசி முகாமிலிருந்து வரிசையாக இருபது பேரை எடுத்தேன், எனக்குப் பிடித்தவர்களாகப் பொறுக்கவில்லை, டெல்டா அண்ணா சொன்ன கயிறு ஞாபகம் வந்தது. பத்தொன்பது பேரை வீட்டில் போய்ப் பார்த்தேன், ஒருவர் மகளோடு ஊரை விட்டுப் போய்விட்டார். தூரம் நன்றாகத் தெரிகிறவர்கள் பதினாறு பேர். கிட்டத்துக் கண்ணாடி கையில் இருப்பவர்கள் ஏழே பேர். மறுபரிசோதனைக்கு வராதவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே காரணம்: வண்டி.

மேரி அக்கா சொன்னது அச்சு அசலாக நடந்தது. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். 6/12. “ரொம்ப நல்ல ரிசல்ட்” என்றார் அங்கிருந்த பெண். கிட்டத்துக்கு இரண்டரை பவர் கண்ணாடி போட்டுவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து பாட்டி தன் உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையை இழுத்து வைத்துப் பார்த்து, “என்ன தாயி, நகத்துல இம்புட்டு அழுக்கு” என்றார்.

படிவத்தில் மூன்று எண் எழுதினேன்: ஆபரேஷன் எத்தனை, போய்ப் பார்த்ததில் தூரம் தெரிகிறவர்கள் எத்தனை, கிட்டத்து வேலை செய்ய முடிகிறவர்கள் எத்தனை. மூன்றாவது எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் வண்டி என்றும், மறுபரிசோதனை நாளுக்கு ஒரு வேன் ஓட்ட எவ்வளவு ஆகும் என்றும் தனித்தாளில் கணக்குப் போட்டு இணைத்திருக்கிறேன். மதன் பயந்ததுதான் எனக்கும் பயம். இன்னும் பதில் வரவில்லை.

அக்கா, முகாம் சீட்டில் ‘கண் தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். அந்த வரியை எழுதத் தெரியாதவர்களிடம் யார் கேட்டு எழுதுவது நல்லது, வேனில் போகும்போதா, பதிவு மேசையிலா? மேசையில் கூட்டம் தள்ளும்.

மேரி அக்கா (திண்டுக்கல்)

வேனில் வேண்டாம், அப்போது பயத்தில் இருப்பார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, ஆஸ்பத்திரியில் சாப்பாடு முடிந்த பிறகு கேள்.